ஆல்ப்ஸ் மலையில் சொகுசுப் பனிச்சறுக்கு விடுமுறை: செர்மாட் செல்ல நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்ததால், கேட்டவர்களின் வார்த்தைகளை அதிகம் மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். விலைகள் ஆண்டுதோறும் மாறுபவை. ஒரு மதிப்பீட்டுக்காக மட்டுமே அவற்றைக் குறிப்பிட்டுள்ளேன்.

1. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பனிச்சறுக்கு தெரியாது. இவ்வளவு செலவு செய்து போவதில் அர்த்தம் இருக்கிறதா?

குறைந்தது ஐந்து முழு நாட்கள் ஒதுக்க முடிந்தால் இருக்கிறது. முதல் இரண்டு நாட்கள் விழுவதிலும் எழுவதிலும் கழியும். மூன்றாம் நாள் ஸ்கீகளை (காலில் மாட்டும் நீண்ட சறுக்குப் பலகைகளை) ஆப்பு வடிவில் வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தப் பழகிவிட்டால், நான்காம் ஐந்தாம் நாட்களில் எளிய பாதைகளில் ஆசிரியருக்குப் பின்னால் இறங்கி வர முடியும். இரண்டு நாட்கள் மட்டுமே இருக்கின்றன என்பவர்கள் ஸ்கீயை மறந்துவிட்டு 11ஆம் கேள்விக்குப் போவது நல்லது. விழும் கட்டத்திலேயே ஊர் திரும்புவதற்கு அந்தச் செலவு தேவையில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். செர்மாட் புதியவர்களுக்கென்றே அமைந்த ஊர் அல்ல. சுவிட்சர்லாந்தில் சறுக்குப் பாதைகள், எளிதிலிருந்து கடினம் என்ற வரிசையில், நீலம், சிவப்பு, கறுப்பு என மூன்று நிறங்களில் குறிக்கப்படுகின்றன. பிரான்சில் இருப்பதுபோல் நீலத்துக்கும் கீழே பச்சை என்ற எளிய படி இங்கே கிடையாது. கற்றுக்கொள்பவர்களுக்குப் பொருத்தமான இடம் சன்னெகா என்ற மலை நிலையத்துக்குக் கீழே லைசே ஏரிக்கரையில் உள்ள பயிற்சித் திடல். ஊருக்குள்ளிருந்து சுரங்கத்தின் வழியே மேலேறும் கயிற்று ரயில் சில நிமிடங்களில் அங்கே கொண்டுபோய் விடுகிறது.

2. செர்மாட், சென்ட் மோரிட்ஸ், கூர்ஷெவெல் மூன்றில் எது உயர்ந்தது?

மூன்றும் வெவ்வேறு வகையானவை. பிரான்சின் கூர்ஷெவெல், மூன்று பள்ளத்தாக்குகளை இணைத்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் பாதைகளைக் கொண்ட பெரும் பரப்பின் ஒரு முனை. ஓட்டல் வாசலிலேயே ஸ்கீயை மாட்டிக்கொண்டு புறப்பட விரும்புகிறவர்களுக்கும் புதியவர்களுக்கும் ஏற்றது. சென்ட் மோரிட்ஸ் 1928, 1948 ஆகிய ஆண்டுகளில் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். உறைந்த ஏரியின் மேல் குதிரைப் பந்தயம் நடக்கும் அளவுக்கு அங்கே ஸ்கீக்கு வெளியிலும் கொண்டாட்டம் உண்டு.

செர்மாட்டில் மேட்டர்ஹார்ன் இருக்கிறது. 4,478 மீட்டர் உயரமுள்ள அந்த ஒற்றைச் சிகரம் ஊரின் பல தெருக்களிலிருந்தே தெரியும். ஊருக்குள் பெட்ரோல், டீசல் கார்கள் நுழைய முடியாது. சிறிய மின்சார வண்டிகள் மட்டுமே ஓடுகின்றன. சறுக்காதவர்களும் ரயிலிலும் கேபிள் காரிலும் சுற்றியுள்ள மலைகளின் மேல்நிலையங்கள்வரை போகலாம். ஸ்கீ செய்பவர்களும் செய்யாதவர்களும் கலந்த குடும்பம் என்றால் செர்மாட்டைத்தான் சொல்வேன். எல்லோரும் சறுக்கப் போகிறார்கள், பாதி பேர் புதியவர்கள் என்றால் கூர்ஷெவெல்.

3. எந்த மாதம் போவது நல்லது? கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகலாமா?

போகலாம். ஆனால் அதே அறைக்கு ஜனவரி நடுவில் கேட்பதைவிடப் பல மடங்கு கூடக் கேட்பார்கள். பல ஓட்டல்கள் அந்த நாட்களில் ஒரு வாரத்துக்குக் குறைந்து அறை கொடுப்பதில்லை. புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு ஜனவரி இறுதிவரை உள்ள வாரங்கள் அமைதியானவை. குளிர் கடுமையாக இருக்கும், உயரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி சாதாரணம். ஆனால் பனி நன்றாக இருக்கும், மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்டுகளில் வரிசை இருக்காது. பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளி விடுமுறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் மறுபடியும் நெரிசல்.

குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு மார்ச் மாதத்தைப் பரிந்துரைப்பேன். பகல் நீளமாக இருக்கும், வெயில் இதமாக இருக்கும். தாழ்வான ஊர்களில் மார்ச் மாதத்தில் பனி இளகிப்போகும் என்ற அச்சம் நியாயமானது. செர்மாட் ஊரே 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதன் மேல்நிலையங்கள் 3,000 மீட்டரைத் தாண்டுகின்றன, தியோதூல் பனியாற்றின் மேல் கோடையிலும்கூடச் சறுக்குகிறார்கள். ஆகவே இங்கே அந்தக் கவலை குறைவு.

4. ஐந்து நட்சத்திர ஓட்டலாகப் பார்த்துப் போட்டுவிட்டால் போதும் அல்லவா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். ஸ்கீ ஊரில் ஓட்டலின் மதிப்பை நட்சத்திரம் முடிவு செய்வதில்லை. அதன் வாசலுக்கும் லிஃப்டுக்கும் இடையிலுள்ள தூரம் முடிவு செய்கிறது. முதல் முறை நான் போனபோது, 'லிஃப்டுக்கு அருகில்' என்ற விவரிப்பை நம்பி ஓர் ஓட்டலில் அறை எடுத்தேன். அருகில் இருந்த லிஃப்ட், எங்கள் பயிற்சித் திடலுக்குப் போகாத லிஃப்ட். தினமும் காலையில் ஸ்கீயைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கணுக்கால் மடியாத பூட்ஸோடு, இறுகிய பனியின் மேல் இருபது நிமிடம் நடந்தோம். அந்த பூட்ஸில் இருபது நிமிடம் நடப்பது என்பது, இரண்டு வாளிகளுக்குள் கால்களைச் சிமெண்ட் போட்டு நிறுத்திவிட்டு நடப்பதைப் போன்றது. மூன்றாம் நாள் என் மனைவி ஸ்கீயே வேண்டாம் என்று அறையில் இருந்துவிட்டாள்.

செர்மாட்டில் மலைமேல் ஏற மூன்று வாயில்கள் உள்ளன: ரயில் நிலையத்துக்கு எதிரே கோர்னெர்கிராட் ரயில், ஆற்றங்கரையில் சன்னெகா கயிற்று ரயில், ஊரின் தென்கோடியில் மேட்டர்ஹார்ன் பக்கம் போகும் கேபிள் கார்கள். புதியவர்கள் சன்னெகாவுக்கு அருகிலும், ஓரளவு பழகியவர்கள் தென்கோடியிலும் தங்க வேண்டும். அறை எடுக்கும் முன் ஓட்டலிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: சன்னெகாவுக்கு எத்தனை நிமிட நடை? உங்கள் மின்சார வண்டி காலையில் லிஃப்ட்வரை கொண்டுவிடுமா? ஈரமான பூட்ஸைக் காயவைக்கும் அறை இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் நான்கு நட்சத்திர ஓட்டல், மழுப்பும் ஐந்து நட்சத்திர ஓட்டலைவிட மேலானது. 2,222 மீட்டர் உயரத்தில் மலையின் மேலேயே இருக்கும் ரிஃபெலால்ப் போன்ற ஓட்டலும் உண்டு. அங்கே காட்சி அற்புதம், ஆனால் மாலையில் ஊருக்குள் உலாவ வேண்டுமென்றால் ரயில் நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

5. சூரிச்சில் எங்கள் சித்தப்பா இருக்கிறார். காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார். சம்மதிக்கலாமா?

சித்தப்பாவின் கார் டேஷ் வரைதான் போகும். செர்மாட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் உள்ள அந்த ஊரில் காரை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு நிமிடம் ஓடும் ரயிலில்தான் எல்லோரும் மேலே வர வேண்டும். குளிர்கால டயர் இல்லாமல் அந்தப் பள்ளத்தாக்கில் ஏறவே கூடாது.

ரயிலே மேல். சூரிச் விமான நிலையத்திலிருந்து ஃபிஸ்ப் என்ற நிலையத்தில் ஒருமுறை மாறினால் மூன்றரை மணி நேரத்தை ஒட்டி வந்து சேரலாம். 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள லோட்ச்பெர்க் சுரங்கம்தான் இந்தப் பயணத்தை இவ்வளவு சுருக்கியது. ஜெனீவாவிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரம். செர்மாட் நிலையத்துக்கு ஓட்டல் வண்டி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொள்ளும். எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று முன்தினமே தெரிவித்துவிட்டால் போதும்.

6. விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? எல்லை தாண்டி இத்தாலிப் பக்கம் சறுக்கினால் தனி விசா வேண்டுமா?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும் என்பது விதி, ஆனால் அந்த விதியை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமை அல்ல. நேர்காணல் நாள் கிடைப்பதே சில பருவங்களில் கடினம் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. அதிக நாட்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், இந்தத் திட்டத்துக்கு அது சுவிட்சர்லாந்து.

இத்தாலியும் ஷெங்கன் நாடு என்பதால் தனி விசா வேண்டாம். ஆனால் கடவுச்சீட்டை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போவதில் வேறு சிக்கல்கள் உண்டு. அவை 14ஆம் பதிலில்.

7. மொத்தம் எவ்வளவு ஆகும்? ஒரு தொகை சொல்லுங்கள்.

ஒரே தொகை சொல்ல முடியாது. செலவின் அமைப்பைச் சொல்கிறேன். பருவ உச்சத்தில் நல்ல ஐந்து நட்சத்திர ஓட்டலில் இருவர் அறை ஓர் இரவுக்கு ஆயிரம் சுவிஸ் பிராங்கைத் தாண்டுவது சாதாரணம். பெரியவர் ஒருவருக்கு லிஃப்டுச் சீட்டு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 80 முதல் 100 பிராங்கு. விமானச் சீட்டுபோல் அதன் விலையும் நாளுக்கு நாள் மாறுவதால் முன்கூட்டி வாங்குவது லாபம். தனி ஆசிரியருக்கு ஒரு முழு நாளுக்கு 400 பிராங்குக்கு மேல். வாடகைக் கருவிகளும் மலைமேல் மதிய உணவும் தனி.

பணத்தைக் குறைக்க வேண்டுமென்றால் அறையின் அளவில் குறையுங்கள். இருப்பிடத்திலும் ஆசிரியரிடத்திலும் குறைக்காதீர்கள். பகல் முழுவதும் மலையில் இருக்கும் நீங்கள், பெரிய அறையில் தூங்கத்தான் போகிறீர்கள். பயிற்சித் திடலில் மட்டும் இருக்கும் முதல் இரண்டு நாட்களுக்கு, மலை முழுவதற்குமான சீட்டு வாங்காதீர்கள். எந்தச் சீட்டு போதும் என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

8. தனி ஆசிரியர் அவசியமா? குழு வகுப்பு மலிவாக இருக்கிறதே.

தனி ஆசிரியருக்கான கட்டணம் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவருக்குத்தான், மாணவர் எண்ணிக்கைக்கு அல்ல. மூன்று நான்கு பேர் வரை கூடுதல் தொகை சிறிதாகவே இருக்கும். எனவே நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது தோன்றும் அளவுக்கு அதிகமில்லை. பெரியவர்களுக்கு முதல் மூன்று நாட்கள் தனி ஆசிரியர், குழந்தைகளுக்குக் குழு வகுப்பு என்பது என் வழக்கமான யோசனை. குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் பார்த்துத்தான் வேகமாகக் கற்கின்றன. அப்பா பக்கத்தில் நின்று 'முழங்காலை மடி' என்று கத்துவதால் அல்ல.

ஆசிரியர்களை ஓட்டல் அறைக்கு முன்பே பதிவு செய்தாலும் தவறில்லை. உச்ச வாரங்களில் அறை கிடைத்துவிடும், நல்ல ஆங்கிலம் பேசும் ஆசிரியர் கிடைப்பது கடினம்.

9. உடை, ஸ்கீ எல்லாம் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

ஸ்கீ, பூட்ஸ், கம்புகள், ஹெல்மெட் நான்கையும் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். கையுறை, பனிக்கண்ணாடி, உள்ளாடைகள், காலுறை ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பை ஒட்டிய அடுக்கு கம்பளி அல்லது செயற்கை இழையாக இருக்க வேண்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு லிஃப்டில் உட்கார்ந்ததும் குளிர்விக்கும்.

பூட்ஸ் எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு மெல்லிய காலுறைதான். இரண்டு போட்டால் கதகதப்பு கூடாது, இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள்தான் மரத்துப்போகும். நிமிர்ந்து நிற்கும்போது கால்விரல்கள் முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னோக்கி மடித்ததும் விரல்கள் பின்வாங்கி, குதிகால் பின்னால் நன்றாகப் பதிய வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் அளவு பெரிது. நம்மில் பலர் இறுக்கத்துக்குப் பயந்து ஓர் அளவு பெரியதாகக் கேட்டு வாங்கி, மறுநாள் ஸ்கீயைத் திருப்ப முடியாமல் தவிக்கிறோம். கடைக்காரர் உங்கள் எடையையும் வயதையும் கேட்பார். விழும்போது பூட்ஸ் ஸ்கீயிலிருந்து கழன்றுகொள்ளும் பூட்டை அதை வைத்துத்தான் அமைக்கிறார். கூச்சப்பட்டு எடையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

10. நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். உருக்கிய பாலாடைக்கட்டியை வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துத் தரும் ராக்லெட், துருவிய உருளைக்கிழங்கை அடைபோல் வார்க்கும் ரோஸ்டி, பாஸ்தா, சூப் எங்கும் உண்டு. ரோஸ்டியில் பன்றி இறைச்சித் துண்டுகள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாலாடைக்கட்டியை உருக்கி ரொட்டி தோய்த்துச் சாப்பிடும் ஃபோண்ட்யுவில் வெள்ளை ஒயின் சேர்ப்பது வழக்கம். மது தொடாதவர்கள் அது இல்லாமல் செய்து தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கடுமையான சைவம் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். குரூயேர் உள்ளிட்ட மரபான பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். இது தெரிந்த பிறகு சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

11. அப்பா அம்மாவுக்கு 65 வயதுக்கு மேல். அவர்கள் ஸ்கீ செய்ய மாட்டார்கள். ஓட்டலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

இல்லை. 1898ஆம் ஆண்டு முதல் ஓடும் கோர்னெர்கிராட் பற்சக்கர ரயில் அரை மணி நேரத்தில் 3,089 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடும். மேலே இறங்கினால் பனியாறும், சுவிட்சர்லாந்திலேயே உயரமான சிகரத்தைக் கொண்ட மோன்டே ரோசாவும் கண் முன்னே. ஏறும்போது வலப்பக்க இருக்கை கிடைத்தால் மேட்டர்ஹார்ன் துணைக்கு வரும். பனியை அழுத்திச் சமப்படுத்திய நடைபாதைகளும் உண்டு. அவற்றுக்கு உறுதியான அடிப்பாகமுள்ள காலணி வேண்டும்.

ஊருக்குள் இருக்கும் மேட்டர்ஹார்ன் அருங்காட்சியகத்தை மேகமூட்டமான நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் உட்பட ஏழு பேர் முதன்முதலாக அந்தச் சிகரத்தை அடைந்தார்கள். இறங்கும்போது நால்வர் விழுந்து இறந்தார்கள். அன்று அறுந்த கயிறு அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. துணி உலர்த்தும் கொடிக்கயிறுபோல மெல்லியது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மறுபடி சிகரத்தைப் பார்த்தபோது என் அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஓட்டல்களின் வெந்நீர்க் குளங்களில் நீச்சலுடை வேண்டும். நீராவி அறைப் பகுதியிலோ பல இடங்களில் ஆண்களும் பெண்களும் உடையின்றி இருப்பதே வழக்கம். பெற்றோரை உள்ளே அனுப்பும் முன் ஓட்டலில் விசாரித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

12. உயரத்தில் மூச்சு வாங்காதா?

ஊருக்குள் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. ஐரோப்பாவிலேயே உயரமான கேபிள் கார் நிலையமான கிளேசியர் பாரடைஸ் 3,883 மீட்டரில் இருக்கிறது; அங்கே கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே கிடைக்கும். தலைவலி, லேசான தலைசுற்றல் வரலாம். முதல் நாளிலேயே அங்கே போகாதீர்கள், மேலே படிகளில் ஓடாதீர்கள், அசௌகரியமாக இருந்தால் அடுத்த கேபிள் காரில் இறங்கிவிடுங்கள். இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் போகக் கூடாது.

13. விசாவுக்காக எடுத்த காப்பீடு போதாதா?

பெரும்பாலும் போதாது. விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அந்தப் பத்திரத்தின் விலக்குப் பட்டியலில் குளிர்கால விளையாட்டுகள் இருக்கிறதா என்று தூதரகம் பார்ப்பதில்லை. நீங்கள் பார்க்க வேண்டும். ஸ்கீ விபத்து, ஹெலிகாப்டர் மீட்பு, பிறருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கான பொறுப்பு ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஹெலிகாப்டர் ஒருமுறை வந்துபோனால் கட்டணம் சில ஆயிரம் பிராங்குகள். மது அருந்தியிருந்தாலும், குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே விழுந்தாலும் பல பத்திரங்கள் செல்லாது.

14. இத்தாலிக்குச் சறுக்கிப் போய் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, சிவப்புப் பாதையில் தடுமாறாமல் இறங்கத் தெரிந்தவர்களுக்கு அருமையான நாள். இத்தாலிப் பக்கத்து ஊரான செர்வீனியாவையும் சேர்த்தால் மொத்தம் 360 கிலோமீட்டர் பாதைகள். அதற்கு இரு நாடுகளுக்குமான சீட்டு வாங்க வேண்டும். செர்மாட் சீட்டு மட்டும் போதாது. இத்தாலியச் சட்டப்படி 2022 முதல் சறுக்குபவர் ஒவ்வொருவருக்கும் பிறருக்கான பொறுப்புக் காப்பீடு கட்டாயம். முந்தைய பதிலில் சொன்ன பத்திரத்தில் அது இல்லையென்றால் சீட்டோடு சேர்த்து நாளுக்குச் சில யூரோவில் வாங்கிக்கொள்ளலாம். ஹெல்மெட்டும் அங்கே கட்டாயம்.

உண்மையான ஆபத்து காற்று. எல்லையில் உள்ள உயர லிஃப்டுகள் காற்று வலுத்தால் நின்றுவிடும். நின்றுவிட்டால், மலையின் அந்தப் பக்கத்திலிருந்து செர்மாட்டுக்கு டாக்சியில் பெரிய சுற்றுச் சுற்றி, மூன்று மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து வர வேண்டும்; கட்டணத்தைக் கேட்டால் சாப்பிட்ட பாஸ்தா கசக்கும். காலையில் முன்னறிவிப்பைப் பாருங்கள், இரண்டு மணிக்குள் திரும்ப ஏறத் தொடங்குங்கள்.

15. பாதைக்கு வெளியே புதுப்பனியில் சறுக்கலாமா? ஹெலிகாப்டரில் போய் இறங்குவது பற்றியும் படித்தேன்.

முதல் பயணத்தில் வேண்டாம். மஞ்சள் குறியிட்ட தடங்கள் பனிச்சரிவு அபாயம் பார்த்துத் திறக்கப்படுபவை, ஆனால் சமப்படுத்தப்படாதவை. குறியே இல்லாத சரிவில் வழிகாட்டி, பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் தேடுகருவி, மண்வெட்டி, நீள்கம்பி இல்லாமல் இறங்குவது விளையாட்டல்ல. பனிச்சரிவு அபாய அளவு 1 முதல் 5 வரை. 3 என்றால் 'நடுத்தரம்தானே' என்று பலர் நினைக்கிறார்கள், அதன் உண்மையான பெயர் 'கணிசமான அபாயம்'.

ஹெலிகாப்டர் சறுக்கு பிரான்சில் தடை செய்யப்பட்டது. சுவிட்சர்லாந்தில் குறிப்பிட்ட தளங்களில் மட்டும் அனுமதி உண்டு, மோன்டே ரோசா அவற்றில் ஒன்று. பனியாற்று வெடிப்புகளுக்கு நடுவே இறங்க வேண்டியிருப்பதால் மலை வழிகாட்டி கூடவே வருவார். பணம் இருப்பது தகுதியாகாது. எந்தப் பனியிலும் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும்.

16. கடைசி நாள் காலையில் சறுக்கிவிட்டு அன்றிரவே விமானம் பிடிக்கலாமா?

கடிகாரக் கணக்குப்படி முடியும். நான் அப்படித் திட்டம் போட்டுக் கொடுப்பதில்லை. 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் சாலையும் ரயிலும் மூடப்பட்டு, ஏறத்தாழ 13,000 சுற்றுலாப் பயணிகள் செர்மாட்டில் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர்கள் சிலரை ஏற்றி இறக்கின. அப்படி அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் பெரும்பனி கொட்டும் வாரத்தில் சில மணி நேரத் தடை புதிதல்ல.

கடைசி இரவைச் சூரிச்சிலோ ஜெனீவாவிலோ வைத்துக்கொள்ளுங்கள். கருவிகளை முந்தைய மாலையே திருப்பிக் கொடுத்துவிடலாம். 5ஆம் கேள்வியில் வந்த சித்தப்பா வீட்டில் ஓர் இரவு தங்கினால் அவருக்கும் மனக்குறை இருக்காது.